குறிப்பு, இருநூறு எழுத்துக்குள்

சென்னையிலிருந்து எக்செல் வந்திருக்கிறது,
வெள்ளிக்கிழமைக்குள் நிரப்ப வேண்டும்.
இன்னும் பத்து வருடத்தில் மாநிலம் எவ்வளவு மின்சாரம் குடிக்கும்,
அதில் வெள்ளிச்சந்தை துணைமின் நிலையம் எத்தனை மிடறு,
புயலில் விழுந்தால் எத்தனை மணி நேரத்தில் எழுவோம்.
எழுவதற்கு அவர்கள் வைத்த பெயர் மீள்திறன்.
பதினாறு பத்திகள். கடைசிப் பத்தி குறிப்பு.

கம்பங்களைப் பற்றிக் கேட்டிருந்தார்கள்.
கடலோரக் கம்பம் பார்வைக்கு நன்றாயிருக்கும்,
உள்ளே கம்பி துருவேறிப் பருத்து ஒருநாள் காங்கிரீட்டைப் பிளக்கும்
என்று எழுதினேன்.
மார்கழி விடியலில் பீங்கான் இன்சுலேட்டரின் உப்பு ஈரம் குடித்து
நீலமாகப் பொரியும்.
கழுவ ஒரு லாரித் தண்ணீர் கேட்டிருக்கிறேன்,
இது மூன்றாம் வருடம்.

ஆரல்வாய்மொழியில் என் பேட்ச் சோபிதராஜ்.
ஆடியில் அவனைக் கூப்பிட்டால் காற்றுதான் முதலில் பேசும்.
"கணவாய் வழியா மொத்தமும் வருது,
குறைக்கச் சொல்றாங்க" என்று கத்துவான்,
கத்திக்கொண்டே இறக்கைகளைத் திருப்பி வைப்பான்.
பங்குனியில் அவன் குரல்
பக்கத்து நாற்காலியில் இருப்பதுபோல் துல்லியமாகக் கேட்கும்.
அந்தத் துல்லியம்தான் எனக்குப் பயம்.

பத்தி ஒன்பதில் பேட்டரி வருகிறது.
பேட்டரி நாலு மணி நேரம் பிடிக்கும்.
ஆடிக்கும் பங்குனிக்கும் எட்டு மாதம்.

பத்தி பன்னிரண்டு: எல்லாம் அணைந்தால் யார் முதலில்?
அனல் நிலையத்தை எழுப்ப வெளியிலிருந்து மின்சாரம் வேண்டும்.
தண்ணீருக்கு அது வேண்டாம்.
கோதையாற்று மலையில் ஒரு வால்வைத் திறந்தால் போதும்
என்று பயிற்சியில் சொன்னார்கள்.
நான் பார்த்ததில்லை.
பார்க்க வேண்டுமென்று ஆசைப்படுகிறவரையும் பார்த்ததில்லை.

பத்தி பதினான்கு: பற்றாக்குறையில் எதை முதலில் வெட்டுவது.
ஆஸ்பத்திரி கடைசி, குடிநீர் மோட்டார் அதற்கு முன்.
ஐஸ் பிளாண்ட் சேசடிமை நேரிலேயே வந்துவிட்டார்.
"சாளைக்கு உங்க அட்டவணை தெரியாது மேடம்."
அவரை ஆறில் வைத்தேன்.
என் வீட்டுப் பீடர் இரண்டு.
அதில் பாதி நியாயம், பாதி பெருமை.
கடியபட்டணம் மூன்று.

மூன்றில் குளோறி இருக்கிறாள்.
அவள் புருஷன் கட்டிலருகே ஆக்சிஜன் மிஷின்,
முந்நூற்றைம்பது வாட்.
மாநிலக் கணக்கில் அது புள்ளிக்குப் பிறகு
நிறைய சைபர் தாண்டி வரும்.
போன மாதம் ஆபீஸ் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுச் சொன்னாள்:
"கறண்டு எடுக்கதுக்கு அஞ்சு நிமிசம் முந்தி சொல்லுங்க.
சிலிண்டர் மாத்த அஞ்சு நிமிசம் வேணும்."
நாங்கள் எடுத்தால் சொல்லலாம்.
அதிர்வெண் விழுந்து ரிலே எடுத்தால்
கண்ணிமைக்க நேரமில்லை.

ஒரு வீட்டை மட்டும் பீடரிலிருந்து உரிக்க முடியாது.
மூன்றை ஏழாக்கினேன்.
ஏழில் இருந்தது மூன்றாயிற்று.
அங்கே எந்தக் கட்டிலில் யார் என்று எனக்குத் தெரியாது.
தெரியாததால் கை கொஞ்சம் லேசாயிருந்தது,
அது பிடிக்கவில்லை.
மறுபடி மூன்றாக்கினேன். மறுபடி ஏழு.
எக்செல் ஒவ்வொரு தடவையும் கேட்டது:
மாற்றங்களைச் சேமிக்கவா?

குறிப்பில் எழுதினேன்:
'வீட்டில் உயிர்காக்கும் கருவி வைத்திருப்போர் பட்டியல்
எல்லாப் பீடருக்கும் வேண்டும். தற்போது இல்லை.'
இருநூறுக்குள் அடங்கியது.

இரவு ரீடிங் எடுக்கப் போனேன்.
கடியபட்டணம் பேனலில் பெயர்ப்பலகைக்குக் கீழே
சாக்பீஸில் ஒரு போன் நம்பர்,
லைன்மேன் தாசையனின் குண்டு எழுத்து.
அடுத்த பேனலிலும் ஒன்று.
ஏழில் இரண்டு.
பழைய தூசிமேல் எழுதியவை, சில இடத்தில்
அழித்து மாற்றிய தடம்.
ஆய்வுக்கு வருகிறவர்கள் துடைக்கச் சொல்வார்கள்,
போன தடவை நானே சொல்லியிருப்பேன்.

ஏழில் இருந்த ஒரு நம்பரை அழுத்தினேன்.
முதல் மணி முழுதாக அடிக்கவில்லை.
ஹலோ இல்லை, யாரென்று இல்லை.
"கறண்டு போவுதா?" என்றது ஒரு சிறுபிள்ளைக் குரல்,
பின்னால் எதுவோ உருள, யாரோ ஓட.

இல்லை என்றேன்.
இல்லை, மக்ளே, வை.